போயிட்டு வாங்கம்மா

சீட்டுக்காரி அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பட்டப்பகல்தான். ஆனாலும் வானம் மூடிக்கொண்டு பொழுது சாய்ந்த மாதிரி இருந்தது. இரும்பு கேட்டின் ஒரு பாதி துருப்பிடித்து மண்ணில் புதைந்து கிடந்தது. மறுபாதியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மருந்துக் கடைக்காரர் நின்றிருந்தார். உள்ளே இரண்டு பக்கமும் செடிகள் இடுப்பு உயரத்துக்கு மண்டியிருந்தன. நடுவில் ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு மட்டும் யாரோ வெட்டிச் சுத்தம் செய்து வைத்திருந்தார்கள்.

"வாங்க மேடம்," என்றவர் உடனே குரலை இறக்கினார். "சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு சார்."

"தங்கச்சி ஏதாவது கேட்டா நீட்டி முழக்காதீங்க. வீட்டை விக்கறதுல அம்மாவுக்குச் சம்மதம். அவ்வளவுதான். மீதியை நான் பார்த்துக்கறேன்."

ஞாபகம் இல்லாமல் எப்படிப் போகும்? அவருடைய மருந்துக் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறையில்தான் அவள் குடியிருந்தாள். அங்கேயேதான் தொழிலும். சீட்டுக்காரி என்ற பெயரைக் கேட்டு, மாதச் சீட்டு பிடிக்கிறவள் என்று நினைத்துப் படியேறி வந்தவர்கள் உண்டு. "அது இல்லைங்க, இது டாரட் சீட்டு, படம் போட்ட சீட்டு, பலன் சொல்றது" என்று விளக்கி விளக்கி ஒரு வழியாக வாடிக்கை பிடித்திருந்தாள். போன வாரம் கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மாடி ரூமை ஸ்டாக் வைக்கக் கேக்கறாங்க மேடம். நான்தான் உங்களுக்காகத் தள்ளிப்போட்டுட்டு இருக்கேன்." அதற்கடுத்த வாக்கியத்தில்தான், அம்மா போன பிறகு வீட்டை விற்கக் கையெழுத்துப் போடாமல் இருக்கும் தங்கையைப் பற்றிச் சொன்னார்.

தன் கூரை போகாமல் இருக்க இன்னொருத்தியின் கூரையைப் பிடுங்கிக் கொடுக்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான். அதை அவள் நன்றாகப் புரிந்துகொண்டுதான் சரி என்று சொல்லியிருந்தாள்.

வீட்டுக்குள் தைல வாசனை. செத்துப்போன அம்மாவின் அறை கடைசியில் இருந்தது. ஜன்னல் கதவுகள் சாத்தியிருந்தன. நடுவில் ஒரு மர மேசை, அதற்கு ஒரு பக்கம் கை வைத்த பிரம்பு நாற்காலி. அதன் கைப்பிடியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தவள்தான் தங்கை. பாப்பா என்று கூப்பிட்டார்கள். நாற்பதைத் தாண்டி, நெற்றியோரம் நரைத்து, அம்மாவைக் குளிப்பாட்டியும் தூக்கியும் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்துபோன பிறகும் பாப்பாதான். கல்யாணம் காட்சி என்று எதுவும் நடக்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது.

"உக்காருங்கக்கா. வழியில செடியெல்லாம் காலைக் கிழிச்சுதா? என்னால அவ்வளவுதான் வெட்ட முடிஞ்சுது."

"பரவால்லம்மா."

"அம்மாவுக்குப் பேச்சு போயிடுச்சுக்கா, கடைசி வருஷம். கையும் ஒண்ணுதான் வந்தது." பாப்பா மேசையைத் தொட்டுக் காட்டினாள். "இதுல தட்டுவாங்க. ஒரு தட்டுன்னா சரி. ரெண்டு தட்டுன்னா வேண்டாம். அதை வெச்சே எல்லாம் பேசிடுவோம். சண்டைகூடப் போடுவோம்."

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். அண்ணன் வாசல் நிலையில் சாய்ந்து சாவிக் கொத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நான் பிடிவாதம் பிடிக்கலக்கா. இந்த வீட்டை விட்டா எனக்கு வேற இடம் இல்ல, அது நிஜம்தான். ஆனா அம்மா கொடுத்துடச் சொன்னா கொடுத்துடறேன். இப்பவே கையெழுத்துப் போடறேன். அம்மா என்ன சொல்றாங்கன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க."

இப்படி ஒருத்தி முன்னால் உட்கார்ந்து பொய் சொல்வது சுலபம். சுலபமாக இருந்ததுதான் சீட்டுக்காரிக்கு எரிச்சலாக இருந்தது. கொஞ்சம் சண்டை போடுகிற பெண்ணாக இருந்திருக்கலாம்.

பிரம்பு நாற்காலிக்கு நேர் எதிரில் தனக்கு இடம் போட்டுக்கொண்டாள். பாப்பாவைப் பக்கவாட்டில் ஸ்டூலில் உட்கார வைத்தாள். அம்மாவைக் கேட்பதென்றால் அம்மாவுக்கு ஓர் இடம் விட வேண்டும் என்று இவளே கடைக்காரரிடம் போனில் சொல்லியிருந்தாள். அது ஒரு ஜோடனை, வேறொன்றுமில்லை. கேட்க வந்தவர்கள் காலி நாற்காலியைப் பார்த்தாலே பாதி நம்பிவிடுவார்கள். கைகளைக் கூப்பி, காலி நாற்காலியைப் பார்த்து, "வாங்கம்மா. வந்து உக்காருங்க," என்றாள்.

பிரம்பு லேசாக முனகியது. பழைய நாற்காலி, மழைக் காற்று. அவள் கண்டுகொள்ளவில்லை.

சீட்டுக்கட்டை வெளியே எடுத்துக் கலைத்தாள். கலைத்தாள் என்பது பார்க்கிறவர்களுக்கு. மேலே இருக்கும் ஐந்து சீட்டுகளை அசையாமல் வைத்துக்கொண்டு மீதியை மட்டும் கலைப்பது அவள் கைக்குப் பழகிய வேலை. அந்த ஐந்தையும் வீட்டிலேயே பொறுக்கி, தலை நிமிர்ந்து இருக்கும்படி அடுக்கி வைத்திருந்தாள். நடுவில் ஒன்று, அது விஷயம். இடப்பக்கம் ஒன்று, நடந்து முடிந்தது. வலப்பக்கம் ஒன்று, இனி வரப்போவது. கீழே ஒன்று, விஷயத்தின் வேர். மேலே ஒன்று, கிடைக்கக்கூடியதில் பெரிய நன்மை. கவிழ்த்து வைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். திருப்புவதற்கும் ஒரு முறை உண்டு. புத்தகத்தில் பக்கம் புரட்டுகிற மாதிரி பக்கவாட்டில் புரட்டினால் படம் நேராகவே நிற்கும். அடியிலிருந்து மேலே தூக்கிப் போட்டால் தலைகீழாகிவிடும், அர்த்தமும் கெட்டுவிடும். இத்தனை வருஷத்தில் அவள் கை தவறியதில்லை.

நடுச் சீட்டைப் பக்கவாட்டில் புரட்டினாள். பத்து நாணயங்கள், ஒரு வீடு, ஒரு குடும்பம்.

தலைகீழாக இருந்தது.

எடுத்து வரும் வழியில் பையில் புரண்டிருக்கும் என்று நினைத்தாள். இடப்பக்கச் சீட்டைப் புரட்டினாள். எட்டு வாள்களுக்கு நடுவே கண்ணும் கையும் கட்டப்பட்டு நிற்கும் பெண். பட்ட பாடெல்லாம் முடிந்தது என்று சொல்வதற்காக வைத்தது. அவளும் தலைகீழாக நின்றாள். வலப்பக்கம் சூரியன், வெள்ளைக் குதிரையில் சிரிக்கிற குழந்தை. குழந்தையின் தலை கீழே இருந்தது. கீழே வைத்த சீட்டில் கல்லறை மேடையில் கைகூப்பிப் படுத்திருக்கும் வீரன், அவனும் அப்படியே. மேலே வைத்த நட்சத்திரமும்.

ஐந்தும் தலைகீழ். ஒன்று புரண்டிருக்கலாம், இரண்டுகூடப் புரண்டிருக்கலாம்.

"என்னக்கா? நல்லா இல்லையா?" என்றாள் பாப்பா.

"இரும்மா. பார்க்கறேன்."

தைல வாசனை இப்போது மேசைக்கு மிக அருகில் இருந்தது. யாரோ இப்போதுதான் தேய்த்துவிட்டுக் கையை மேசைமேல் வைத்த மாதிரி. அந்த ஈர வாசனையில்தான் அவளுக்கு விஷயம் உறைத்தது.

சீட்டுகள் புரளவில்லை. அவை எதிரில் இருப்பவளைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தன.

பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் நேராக இருக்கும். அங்கிருந்து பார்த்தால் இடம் வலமாகும், கீழ் மேலாகும். சீட்டுக்காரியின் கண், அவளைக் கேட்காமலே, அந்தப் பக்கத்திலிருந்து படித்தது. சிரிக்கிற சூரியன் நடந்து முடிந்தது. கட்டப்பட்ட பெண் இனி வரப்போகிறவள். மேலே, கிடைக்கக்கூடிய பெரிய நன்மையின் இடத்தில், கல் மேடையில் படுத்திருந்தான் அந்த வீரன். இனி இவளுக்குக் கிடைக்கக்கூடியதில் நல்லது அந்தத் தூக்கம் ஒன்றுதான்.

யாருக்கு? கேள்வி கேட்டவளுக்குத்தான். பக்கத்தில் ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அவள்.

டொக்.

டொக்.

மேசைக்கு அந்தப் பக்கத்து ஓரத்திலிருந்து. மரத்தின் வழியாக அது சீட்டுக்காரியின் மணிக்கட்டுக்கு வந்து சேர்ந்தது.

பாப்பாவின் முகம் மெல்ல நிமிர்ந்தது. "ரெண்டு," என்று முணுமுணுத்தாள்.

"மழை ஆரம்பிச்சுடுச்சு," என்றார் அண்ணன் நிலையிலிருந்து. "ஜன்னல்ல சொட்டுது. என்ன மேடம்?"

சாவிக் கொத்து சுற்றுவது நின்றிருந்தது. அதில் எந்தச் சாவி தன் அறைக்கதவுக்கு என்று அவளுக்குத் தெரியும், பித்தளையில் கொஞ்சம் நீளமானது. சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. சொன்னால் அந்தப் பெண்ணுக்கு வீடு இருக்கும். தனக்கு? இந்த வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்தப் படியில் ஏறுவது? அவள் மனம் அந்தக் கணக்கைப் போட்டு முடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை.

"மழைதான் சார்," என்றாள். பிறகு பாப்பாவைப் பார்க்காமல், சீட்டுகளைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மாவுக்குச் சம்மதம். வீட்டைக் கொடுத்துடச் சொல்றாங்க. உனக்கு இனிமே நல்ல காலம்தான். பாரு, சூரியன் வந்திருக்கு."

பாப்பா சூரியனைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அண்ணன் பத்திரத்தில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். கையெழுத்து அழகாக இருந்தது, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய கை என்று பார்த்தாலே தெரிந்தது.

எழுந்து கிளம்பும்போது சீட்டுக்காரிக்கு அந்த நாற்காலியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனால் அழைத்து உட்கார வைத்தவர்களை அனுப்பி வைக்க வேண்டும், பாப்பா பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஜோடனை முழுசாக இருக்க வேண்டும். கையைக் கூப்பினாள். வாயில் என்ன வரும்? பெரியவர்களைப் பார்த்து "போங்க" என்று சொல்லி யாருக்குப் பழக்கம்? பிறந்ததிலிருந்து வாசலில் நின்று சொன்ன வார்த்தைதான் வந்தது.

"போயிட்டு வாங்கம்மா."

அதைச் சொன்னபோது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். பாப்பாவை அண்ணன் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். அங்கே மாடிப்படிக்கு அடியில் ஒரு கட்டில் போட்டிருப்பதாகவும், பாத்திரம் துணி என்று அவளுக்கு நாள் முழுக்க வேலை சரியாக இருப்பதாகவும், கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பெண் சொன்னாள். "அண்ணி வேலைக்காரியை நிறுத்திட்டாங்க," என்றும் சொன்னாள். சீட்டுக்காரி தலையை ஆட்டிவிட்டுப் படியேறினாள்.

அறைக்கதவைத் திறந்ததும் தைல வாசனை வந்தது. கீழே மருந்துக் கடை, வராமல் என்ன செய்யும் என்று ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

மறுநாள் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். காதலிக்கிற பையன் கட்டிக்கொள்வானா என்று கேட்டாள். உட்காரச் சொல்லிக் காட்டிய நாற்காலிக்குப் போனவள், பாதியில் நின்று, "சாரி ஆன்ட்டி," என்று பின்வாங்கினாள். யாரிடம் மன்னிப்புக் கேட்டோம் என்று அவளுக்கே குழப்பம். நின்றபடியே கேட்டுக்கொள்கிறேன் என்றாள்.

சீட்டுக்காரி ஐந்து சீட்டுகளைப் போட்டுப் புரட்டினாள். ஐந்தும் தலைகீழ்.

"கண்டிப்பா நடக்கும்மா," என்று வாயில் பழகியதைச் சொன்னாள்.

டொக். டொக்.

அன்றிலிருந்து அப்படித்தான். புதுக் கட்டு வாங்கிப் பார்த்தாள். மேசையை வேறு சுவருக்குத் தள்ளினாள். ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு எதிர் நாற்காலியில் தானே உட்கார்ந்து, அந்தப் பக்கத்திலிருந்து சீட்டுப் போட்டாள். புரட்டியவையெல்லாம் அவள் எழுந்து வந்த நாற்காலியைப் பார்த்துக் கிடந்தன. அதன் இருக்கை மெத்தையில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

அவள் நிஜம் சொன்னால் அறை சும்மா இருந்தது. பொய் சொன்னால் இரண்டு தட்டு. இந்தத் தொழிலில் நிஜம் மட்டும் சொல்லிப் பிழைக்க முடியுமா? வருகிறவர்கள் நிஜத்துக்கா வருகிறார்கள்? புருஷன் திரும்பி வரமாட்டான் என்று சொன்னதற்கு ஒருத்தி சபித்துவிட்டுப் போனாள். கூட்டம் குறைந்தது. பகல் முழுக்க அவளும் அந்த நாற்காலியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

அப்படி ஒரு பகலில்தான், என்ன செய்து அனுப்புவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கையில், தான் அனுப்பிய விதம் ஞாபகம் வந்தது.

போயிட்டு வாங்கம்மா.

போயிட்டு. வாங்க.

வீட்டை இடித்தாயிற்று. போவதற்கு இடமில்லை. வரச் சொன்னவள் ஒருத்திதான். வந்துவிட்டாள்.

சிரிப்பு வந்தது சீட்டுக்காரிக்கு. அந்தச் சிரிப்பு நிற்காமல் போனதும்தான் பயந்துபோனாள்.

பாப்பா வந்தது அதற்குப் பிறகு. கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், அண்ணனுக்குத் தெரியாமல் மாடியேறி வந்திருந்தாள். பாதியாய் இளைத்திருந்தாள். கை விரலெல்லாம் சோப்புத் தண்ணியில் ஊறி வெளுத்திருந்தது.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க. வீட்டை இடிச்சுட்டாங்க. இப்ப அம்மா எங்க இருக்காங்க?"

பாப்பா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மூக்கை லேசாக உறிஞ்சினாள். அவள் பார்வை மேசைக்கு எதிரிலிருந்த நாற்காலிக்குப் போனது. அதில் உட்காரவில்லை. மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்து, நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். தினமும் உட்கார்ந்த இடத்தில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள். பிறகு கையை நீட்டி, காற்றில் எதையோ தோள்மீது சரியாக இழுத்துவிட்டாள்.

"இங்கயாம்மா இருக்கே?"

டொக்.

ஒன்றே ஒன்று.

பாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சீட்டுக்காரியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"நான் பொய் சொன்னேன்மா," என்றாள். "அன்னிக்கு உங்கம்மா வேண்டாம்னுதான் சொன்னாங்க."

"தெரியும்க்கா. எனக்கும் கேட்டுச்சே."

"கேட்டுச்சா? அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்டே?"

"நீங்களும் அண்ணனும் சேர்ந்து மழைன்னு சொன்னீங்க." பாப்பா கோபமில்லாமல்தான் சொன்னாள். "ரெண்டு பேர் சொல்றப்ப இல்லைன்னு சொல்லி எனக்குப் பழக்கமில்லக்கா."

நாற்காலிப் பக்கம் திரும்பினாள். "அம்மா, என்கூட வந்துடறியா? படிக்கட்டுக்கு அடியிலதான். ரெண்டு பேரும் ஒடுங்கிப் படுத்துக்கலாம்."

டொக். டொக்.

"பிடிவாதம்," என்று சிரித்தாள் பாப்பா. "சரி, வேண்டாம். அங்க உனக்கு மூச்சு முட்டும்." கீழேயிருந்து அண்ணன் யாரையோ அதட்டும் குரல் கேட்டது. பாப்பா அவசரமாக எழுந்து, காலிப் பாத்திரப் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

அவள் போய்விட்டால் மறுபடியும் தானும் அதுவும்தான் என்ற எண்ணம் சீட்டுக்காரியைப் பிடித்துக்கொண்டது. பெற்ற மகள் இருக்கும்போதே, அவள் பின்னாலேயே அனுப்பிவிட வேண்டும். இந்தத் தடவை சரியாகச் சொல்லி அனுப்பிவிட வேண்டும். நாற்காலியைப் பார்த்து, இத்தனை வருஷத்தில் எந்தப் பெரியவர்களிடமும் சொல்லாத வார்த்தையைத் தொண்டை கிழியக் கத்தினாள்.

"போங்க! போயிடுங்க! இனிமே இங்க வராதீங்க!"

வாசலில் பாப்பா நின்றாள். திரும்பினாள். சீட்டுக்காரி தன்னைப் பார்க்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்ததா, இல்லையா? அந்த முகத்தில் அதைப் படிக்க முடியவில்லை. துரத்தப்படுவது அவளுக்குப் புதிதில்லை என்பது மட்டும் தெரிந்தது.

"போறேன்க்கா," என்றாள் பாப்பா.

போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை.

"உன்னை இல்லம்மா, உன்னைச் சொல்லல..." என்று சீட்டுக்காரி எழுந்து ஓடுவதற்குள் படியில் காலடிச் சத்தம் இறங்கிப்போய்விட்டது. அவளுக்குப் பின்னால், மேசையில், அவசரமே இல்லாமல்:

டொக். டொக்.

சில நாள் கழித்து ஒரு காலையில் கீழே மருந்துக் கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது. விடுமுறை நாள் இல்லை. மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பெண்ணையும் காணோம். தெருவில் இரண்டு பேர் கடையைப் பார்த்து ஏதோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு போனார்கள். என்ன என்று இறங்கிப் போய்க் கேட்கச் சீட்டுக்காரிக்குத் துணிச்சல் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

ராத்திரி அவள் மூலையில் தூக்கிப் போட்டிருந்த ஸ்டூல், நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது.

தைல வாசனையோடு இன்னொரு வாசனையும் இருந்தது. துணி சோப்பு.

அவள் கதவில் முதுகை வைத்து நின்றாள். கேட்காமல் இருந்துவிடலாம். கேட்காவிட்டால் தெரியாதது மாதிரியே இருக்கும். ஆனால் வாய் தானாகத் திறந்தது.

"பாப்பா... நீயா?"

நாற்காலிப் பக்கத்தில் சத்தமில்லை. ஸ்டூல் இருந்த பக்கத்து மேசை ஓரத்தில், தொந்தரவு செய்யக் கூச்சப்படுகிறவள் தட்டுகிற மாதிரி, மெதுவாக ஒரு தட்டு.